புகைமூட்டமா, வழக்கமான மருந்தடிப்பா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூச்சித் தொல்லை உள்ள வீடுகளையும் கிடங்குகளையும் பார்வையிட்டு, என்ன செய்வது தகும் என்று சொல்வது என் வேலை. போகும் இடமெல்லாம் ஏறக்குறைய அதே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். தவறான முறையைத் தேர்ந்தெடுத்ததால் பணத்தை இழந்தவர்களையும், அதைவிட மோசமாக உடல்நலத்தை இழந்தவர்களையும் பார்த்திருப்பதால், அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன.

தெருவில் கொசுவுக்கு அடிக்கிறார்களே, அந்தப் புகையைத்தானே புகைமூட்டம் என்கிறீர்கள்?

இல்லை. இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் 'புகைமூட்டம்' என்ற சொல்லே. கொசுவுக்கு அடிக்கும் புகை என்பது, பூச்சிக்கொல்லி கலந்த எண்ணெய் அல்லது நீர் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறிக் காற்றில் மிதப்பது. எவ்வளவு சிறியதானாலும் துளி துளிதான். அது சுவரிலும் தரையிலும் படியுமே தவிர, மரத்துக்குள்ளோ மூட்டையில் கட்டிய தானியத்துக்குள்ளோ புகாது. பறந்துகொண்டிருக்கும் கொசுவைக் கொல்ல அது போதும்.

தொழிலில் பியூமிகேஷன் என்று சொல்லப்படும் புகைமூட்டத்தில் புகையே கிடையாது. இருப்பது கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு. வீட்டையோ பொருளையோ காற்றுப் புகாதபடி தார்ப்பாயால் மூடி, உள்ளே குறிப்பிட்ட செறிவில் வாயுவை நிரப்பி, குறிப்பிட்ட மணி நேரம் அந்தச் செறிவு இறங்காமல் காத்து, பிறகு திறந்து வாயுவை முழுவதும் வெளியேற்றுவதே அதன் முறை. பூச்சியைக் கொல்வது வாயுவின் செறிவும் அது நிற்கும் நேரமும் சேர்ந்துதான். ஆகவே சரியாக மூடாமல், அளக்காமல், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகும் எதையும் 'பியூமிகேஷன்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் சாதாரண பெஸ்ட் கன்ட்ரோல் என்பதில் என்னென்ன அடங்கும்?

தெளிப்பு மருந்து, பசை வடிவத்தில் வைக்கும் ஜெல் மருந்து, சுவர் இடுக்குகளில் தூவும் தூள், மண்ணில் ஊற்றும் கரையான் மருந்து, இரைப் பெட்டிகள், எலிப்பொறி, ஓட்டை அடைப்பது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு: பூச்சி நடமாடும் வழியில் மருந்தையோ தடையையோ வைத்துவிட்டு, பூச்சி அதைத் தொடும்வரை அல்லது தின்னும்வரை காத்திருக்கிறோம். மருந்து வைத்த இடத்திலேயே சில வாரங்களோ மாதங்களோ, கரையான் மருந்தாக இருந்தால் சில ஆண்டுகளோ கூட வேலை செய்துகொண்டிருக்கும்.

இரண்டில் எது பலமானது? பலமானதையே ஒரேயடியாகச் செய்துவிட்டால் என்ன?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேள்வியே வழிமாறி நிற்கிறது என்பதுதான் என் கருத்து. வாயு எந்தப் பொந்துக்குள்ளும் போகும், ஆனால் தங்காது. காற்றோட்டம் விட்டபின் அதன் காவல் ஒரு நாள்கூட நீடிக்காது. மருந்தோ தங்கும், ஆனால் மரத்தின் உட்பகுதிக்குப் போகாது. எனவே பலத்தை ஒப்பிடுவதைக் காட்டிலும் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: பூச்சி எங்கே குடியிருக்கிறது, அழிந்தபின் எந்த வழியாகத் திரும்பி வரும்.

பூச்சியின் குடியிருப்பு முழுவதும் நாம் மூடக்கூடிய ஒரு பொருளுக்குள் அடங்கியிருந்து, மருந்து தொட முடியாத ஆழத்தில் அது இருந்தால் புகைமூட்டத்துக்குப் பொருள் உண்டு. குடியிருப்பு மண்ணிலோ சாக்கடையிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், வீட்டைத் தார்ப்பாயால் மூடி நிரப்பிய வாயு அன்றைக்கு உள்ளே இருந்தவற்றை மட்டும் கொல்லும். அடுத்த வாரமே புதியவை வந்துவிடும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைப்பவை.

வீட்டில் கரையான் வந்துவிட்டது. புகைமூட்டம் போட்டுவிடலாமா?

எந்தக் கரையான் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. சுவரிலோ கதவு நிலையிலோ பென்சில் தடிமனில் மண்குழாய் ஏறியிருந்தால் அது மண்ணில் புற்று வைத்து வாழும் கரையான். அரசியும் கூட்டத்தின் பெரும்பகுதியும் தரைக்கடியில் இருக்க, வேலைக்காரக் கரையான்கள் மட்டுமே மரத்தைத் தேடி மேலே வருகின்றன. இதற்குப் புகைமூட்டம் வீண். கட்டிடத்தைச் சுற்றியும் அடித்தளத்தின் விளிம்பிலும் மண்ணில் மருந்தூட்டுவதே இதற்கு வழி. ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்ற மருந்துகளின் இருப்பைக் கரையானால் உணர முடியாது. அதனால் விலகிப் போகாமல் அதன் ஊடாகவே நடந்து, உடலில் ஒட்டிய மருந்தைத் தன் கூட்டத்திடமும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மற்றொரு வழி, ஹெக்ஸாஃப்ளுமுரான் போன்ற மருந்து கலந்த இரையை மண்ணில் புதைப்பது. கரையான் தோலுரிக்கும்போது புதுத்தோல் உருவாகாதபடி அந்த மருந்து தடுப்பதால் கூட்டமே மெல்ல அழியும். ஆனால் பல வாரங்கள், சில இடங்களில் மாதங்கள்கூட ஆகும்.

மண்குழாய் எங்குமே இல்லாமல், மரத்துக்குக் கீழே கடுகைவிடச் சிறிய, உருண்டு ஓடும் மணிகள் குவிந்திருந்தால் அது உலர்மரக் கரையான். அந்த மணிகள் அதன் எச்சம். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கங்கள் உண்டு என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தாலே தெரியும். இந்தக் கரையானுக்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். பிறப்பும் வாழ்வும் இறப்பும் ஒரே மரத்துக்குள்தான். கூரைச் சட்டம், கதவு நிலை, அலமாரி என்று பல இடங்களில் பரவி, எங்கெங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாத நிலையில் வீடு முழுவதற்கும் புகைமூட்டம் போடுவது நியாயமான தீர்வு. ஒன்றிரண்டு மரங்களில் மட்டும் இருந்தால், மரத்தில் துளையிட்டு மருந்தைச் செலுத்துவதோ, அந்த மரத்தையே எடுத்து மாற்றுவதோ போதும்.

நாற்காலியிலிருந்து மாவு மாதிரி கொட்டுகிறது. இதுவும் கரையான்தானே?

கரையான் தின்றதைச் 'செல்லரித்தது' என்றும், வண்டு குடைந்ததை 'உளுத்தது' என்றும் தமிழில் முன்னரே பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவு இங்கே மிகவும் உதவும். மணியாக இல்லாமல் முகத்துக்குப் பூசும் பவுடர் போல மென்மையாகக் கொட்டினால், மரத்தில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமான துளைகளும் இருந்தால், அது மரத்தை உளுக்கச் செய்யும் வண்டு. வெளியே தெரியும் துளை வண்டு வெளியேறிய வழி. தின்றது அதன் புழு. அது இன்னும் உள்ளே இருக்கக்கூடும்.

ஒரு நாற்காலிக்காக வீடு முழுவதையும் மூடுவது அளவுக்கு மிஞ்சியது. அந்தப் பொருளை மட்டும் தனியாகப் புகைமூட்ட அறைக்கு அனுப்பலாம், அல்லது பின்னால் சொல்லியிருக்கும் வெப்ப முறையையோ குளிர் முறையையோ கேட்டுப் பார்க்கலாம். இந்த வண்டு பூசப்படாத மரத்தின் நுண்துளைகளில்தான் முட்டையிடும் என்பதால், அழித்தபின் எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூசிவிட்டால் மீண்டும் வருவதைத் தடுக்கலாம். அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பூசாமல் விடுவதே பலர் செய்யும் தவறு.

மூட்டைப்பூச்சிக்குப் புகைமூட்டம்தான் ஒரே வழி என்கிறார்களே, உண்மையா?

ஒரே வழி அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு எளிய 'இல்லை'யும் போதாது. மூட்டைப்பூச்சி மெத்தையின் தையல், கட்டிலின் இணைப்பு, மின் பலகையின் பின்புறம், சுவரொட்டியின் மடிப்பு என்று எங்கும் ஒளியும். பல இடங்களில் பைரெத்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கும் திறனையும் அது வளர்த்துக்கொண்டுவிட்டது. அதனால்தான் நான்கு முறை மருந்தடித்தும் போகவில்லை என்று வருந்துபவர்களைப் பார்க்கிறேன். அவர்களுடைய வருத்தம் உண்மையானது, தூக்கமே போய்விடுகிறது.

அப்படிப்பட்டவர்களுக்கும் என் முதல் பரிந்துரை புகைமூட்டம் அல்ல. துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் அதிக வெப்பத்தில் உலர்த்துவது, மெத்தையை முழுதாக மூடும் உறையில் இடுவது, இடுக்குகளில் நீராவி பாய்ச்சுவது, வேறு வகையைச் சேர்ந்த மருந்தும் தூளும் இடுவது ஆகியவற்றைச் சேர்த்துச் செய்து, முட்டை பொரிக்க ஏறத்தாழ ஆறு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் இரண்டு வாரத்தில் மறுபடியும் வந்து பார்த்து மருந்திட வேண்டும். இரண்டாவது வருகையைத் தவிர்த்துவிட்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டுவது வழக்கமாகிவிட்டது.

தனி வீடு, நிறையப் பொருள்கள், எல்லா அறைகளிலும் பரவிய தொல்லை என்றால் புகைமூட்டம் உண்மையிலேயே நல்ல தீர்வு. சரியாகச் செய்தால் முட்டையுட்பட ஒரே தடவையில் முடிந்துவிடும். ஆனால் மறுநாள் பயணப் பெட்டியில் ஒரு மூட்டைப்பூச்சி வந்தால் தடுக்க அங்கே எதுவும் இருக்காது.

கரப்பான், எறும்பு, எலிக்கு?

வீடுகளில் புகைமூட்டம் வேண்டாம். கரப்பானுக்கு ஜெல் மருந்தும், வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தும், ஒழுகும் குழாயைச் சரிசெய்வதும் போதும். எறும்புக்கு இரை. எலிக்கு முதல் வேலை ஓட்டையை அடைப்பது: சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளியே போதுமானது என்பதால் கதவின் அடி இடுக்கிலிருந்து தொடங்குங்கள். கப்பல்களிலும் பெரிய கிடங்குகளிலும் எலிக்காகவும் வாயு பயன்படுவதுண்டு. அது வேறு உலகம்.

கடையில் கிடைக்கும் புகை டப்பாவை அறை நடுவில் வைத்துத் திறந்துவிட்டால் அதுவும் புகைமூட்டம்தானே?

கொசுப்புகை பற்றிய முதல் பதிலே இதற்கும் பொருந்தும்: டப்பாவிலிருந்து வருவது துளி, வாயு அல்ல. 2012-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய டப்பாக்களை வீடுகளிலிருந்து பிடித்த மூட்டைப்பூச்சிகள் மீது சோதித்தபோது, ஒளிந்திருந்த பூச்சிகளை அவை ஏறக்குறைய எதுவுமே செய்யவில்லை. 2019-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வில், கரப்பான் நிறைந்த குடியிருப்புகளில் நான்கு வகை டப்பாக்களைப் பயன்படுத்தியும் கரப்பான்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஜெல் இரை வைத்த வீடுகளில் குறைந்தது. டப்பா வைத்த வீடுகளின் தரையிலும் சமையல் மேடையிலும் மருந்து மட்டும் படிந்து நின்றது. போதாக்குறைக்கு, அதில் உள்ள உந்துவாயு தீப்பற்றக்கூடியது. இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஒருமுறை புகைமூட்டம் போட்டால் எத்தனை ஆண்டுக்குத் தாங்கும்?

'தாங்கும்' என்ற கணக்கே அதற்குக் கிடையாது. எது பலமானது என்ற கேள்விக்குச் சொன்னதுபோல, வாயு வெளியேறிய நொடியிலிருந்து வீடு பழையபடி திறந்த வீடுதான். சில நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு உறுதி தருகின்றன என்றால், மீண்டும் பூச்சி கண்டால் வந்து சரிசெய்வோம் என்பதே அதன் பொருள். உலர்மரக் கரையான் கூட்டம் மிக மெதுவாக வளர்வதால் புதிதாக ஏறினாலும் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியைத்தான் மக்கள் வாயுவின் காவல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எத்தனை நாள் வெளியே தங்க வேண்டும்? என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?

வீடுகளுக்கு இன்று பெரும்பாலும் பயன்படுவது சல்ஃபூரைல் ஃப்ளோரைடு. மூடுவது, வாயு நிற்பது, காற்றோட்டம், அளவீடு எல்லாம் சேர்த்து இரண்டு முதல் மூன்று நாள் ஆகும். மனிதர், வளர்ப்பு விலங்கு, மீன்தொட்டி, தொட்டிச் செடி என உயிருள்ள அனைத்தும் வெளியேற வேண்டும். தொழிற்சாலையில் காற்றுப் புகாமல் அடைத்து இன்னும் திறக்காத கண்ணாடிப் புட்டியும் தகர டப்பாவும் உள்ளேயே இருக்கலாம். பிரித்த உணவும் மருந்து மாத்திரையும் வெளியேற வேண்டும், அல்லது இதற்கென்றே உள்ள பைகளில் இரண்டு அடுக்காகக் கட்டப்பட வேண்டும். குளிர்பதனப் பெட்டிக்குள் இருந்தால் பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு. மெத்தைக்குக் கழற்றக்கூடிய பிளாஸ்டிக் உறை இருந்தால் கழற்றிவிடுங்கள். உள்ளே புகுந்த வாயு எளிதில் வெளியேறாது.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதனால்தான் கண்ணை எரிக்கும் குளோரோபிக்ரின் என்ற பொருளைச் சிறிதளவு முன்கூட்டியே விட்டு, யாராவது உள்ளே இருந்தால் வெளியேறும்படி செய்கிறார்கள். திரும்பி நுழைய மூக்கையோ நாள்கணக்கையோ நம்பக் கூடாது. கருவியால் ஒவ்வொரு அறையிலும் அளந்து, காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று உறுதிசெய்த பிறகே அமெரிக்காவில் உள்ளே விடுகிறார்கள். உங்கள் ஊர் விதி எதுவாக இருந்தாலும், அளந்த எண்ணை எழுத்தில் தராமல் சாவியைத் தந்தால் வாங்காதீர்கள்.

திரும்பி வந்ததும் பாத்திரம், துணி எல்லாவற்றையும் கழுவ வேண்டுமா?

தேவையில்லை. வாயு படிவதில்லை என்பதால் சரியாகக் காற்றோட்டம் விட்ட வீட்டில் துடைக்க எதுவும் மிஞ்சாது. பலருக்கு இது வியப்பாக இருக்கிறது; கொடிய வாயுவுக்குப் பிறகு கழுவ வேண்டாம், சாதாரணத் தெளிப்புக்குப் பிறகு மட்டும் மேடையைத் துடைக்கச் சொல்கிறீர்களே என்று கேட்கிறார்கள். ஒன்றின் அபாயம் அது உள்ளே நிற்கும் மணி நேரங்களில் மிகப் பெரியது, பிறகு ஒன்றுமில்லை; மற்றதன் அபாயம் சிறியது, ஆனால் மருந்து இருக்கும்வரை கூடவே இருப்பது.

கைக்குழந்தை இருக்கிறது. எங்களுக்கு எது பாதுகாப்பு?

மேற்சொன்ன பதிலைக் கொண்டு மட்டும் பார்த்தால் புகைமூட்டமே நல்லது என்று தோன்றக்கூடும். அப்படி முடிவெடுக்க வேண்டாம். பூச்சியின் இயல்பு எந்த முறையைக் கேட்கிறதோ அதுவே தேர்வாக இருக்க வேண்டும். தேவையில்லாத முறை எதுவானாலும் குழந்தைக்குத் தேவையில்லாத அபாயம்தான். குழந்தை தவழும் தரையிலும் வாயில் வைக்கும் விளிம்பிலும் தெளிக்கச் சம்மதிக்காதீர்கள். இடுக்கில் வைக்கும் ஜெல், மூடிய இரைப் பெட்டி, நீராவி, ஓட்டை அடைப்பு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். தெளித்தே ஆக வேண்டுமென்றால் மருந்து முழுவதும் காயும்வரை குழந்தையை வெளியே வைத்திருங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு மட்டும் புகைமூட்டம் போடலாமா?

கூடாது. சுவர், மின்குழாய், குளியலறைக் குழாய்ப் பாதை, பொதுக் கூரைவெளி ஆகியவற்றின் வழியாக வாயு அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே தூங்குபவருக்கு எச்சரிக்கையே இருக்காது. 2015-இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளில், ஒரு விடுமுறைக் குடியிருப்பின் கீழ்வீட்டில், வீடுகளில் பயன்படுத்த அங்கே 1984-லேயே தடைசெய்யப்பட்டிருந்த மெத்தில் புரோமைடு வாயுவை இட்டதால், மேல்வீட்டில் தங்கியிருந்த நால்வர் கொண்ட குடும்பம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. கட்டிடம் முழுவதையும் காலிசெய்து மூட முடிந்தால் மட்டுமே அடுக்குமாடியில் புகைமூட்டம் பற்றிப் பேசலாம்.

நடைமுறையில் அடுக்குமாடிக்கு வழக்கமான முறைகளே ஏற்றவை. ஆனால் அவற்றையும் ஒரு வீட்டோடு நிறுத்தக் கூடாது: மூட்டைப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் இருபக்க வீடு, மேல்வீடு, கீழ்வீடு நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பதாலேயே ஆண்டுக்கணக்கில் தொல்லை நீடிக்கிறது.

அரிசி மூட்டைக்கு மாத்திரை வாங்கி நாமே வைத்துக்கொள்ளலாமா? எலி வளைக்கும் அதையே போடுகிறார்களே?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. மூன்று கிராம் மாத்திரையிலிருந்து ஒரு கிராம் வாயு வரும். காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தாலே உடனடி உயிராபத்து என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முறிவு மருந்து கிடையாது. பூண்டு அல்லது அழுகிய மீன் போன்ற நாற்றம் வரும் என்பார்கள். நாற்றம் வரவில்லை என்பது வாயு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

2017-இன் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரில் ஒரு வீட்டின் அடியில் எலிக்காக இட்டிருந்த இந்த மருந்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ முயன்றபோது, ஈரத்தால் வாயு பெருகி, வீட்டிலிருந்த நான்கு குழந்தைகள் உயிரிழந்தார்கள். பயன்படுத்தியபின் மிஞ்சும் சாம்பல் நிறத் தூளிலும் வாயு தங்கியிருக்கக்கூடும் என்பதால் அதையும் தண்ணீரில் கொட்டக் கூடாது.

கிடங்குகளில் இதே பாஸ்பீன் மிகவும் பயனுள்ளது. சரியாக மூடிய தானிய அடுக்கில், வெப்பத்தைப் பொறுத்துக் குறைந்தது ஐந்து முதல் ஏழு நாளாவது நிறுத்தி, பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. கிழிந்த தார்ப்பாயும் அவசரமும் வேறொரு கேட்டையும் செய்கின்றன: குறைந்த செறிவில் பிழைத்த வண்டுகளிடமிருந்து வாயுவைத் தாங்கும் சந்ததி பெருகுகிறது. இந்தத் தாங்குதிறன் 1970-களிலேயே உலகளவிலான கணக்கெடுப்பில் கண்டறியப்பட்டது. வீட்டில் இருக்கும் சில கிலோ தானியத்துக்கு வாயுவே வேண்டாம்; உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நான்கைந்து நாள் வைத்து, காற்றுப் புகாத பாத்திரத்தில் போட்டுவிட்டால் வண்டும் முட்டையும் முடிந்தது.

வாயுவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றால் வேறு வழி உண்டா?

உண்டு, வெப்பம். மூட்டைப்பூச்சியின் முட்டைகள் 48 டிகிரி செல்சியஸில் முழுவதும் இறக்க 70 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 50-ஐத் தாண்டினால் நேரம் வெகுவாகக் குறைகிறது. பெரிய ஊதுபொறிகளால் அறையைச் சூடாக்கி, பூச்சி ஒளிந்திருக்கும் இடத்திலேயே அந்த வெப்பம் சேர்ந்ததா என்று பல உணரிகளால் அளந்து, சில மணி நேரம் நிறுத்துகிறார்கள். வெயிலில் மெத்தையைப் போடுவது இதற்கு ஈடாகாது. மெத்தையின் மேற்பக்கம் சுடும்போது பூச்சி கீழ்ப்பக்கத்துக்குப் போய்விடும். மரச் சாமானுக்கும் வெப்பம் உதவும், ஆனால் பசையும் பூச்சும் கெடக்கூடும். பழைய ஓவியம், சுவடி, சிற்பம் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் ஆக்சிஜனை நீக்கிய உறையிலோ உறைகுளிரிலோ வைத்துப் பூச்சியை அழிக்கின்றன. புகைமூட்டம்போலவே இவை எதுவும் பின்னால் காவல் தருவதில்லை.

ஏற்றுமதிப் பெட்டிக்குப் புகைமூட்டச் சான்று கேட்கிறார்கள். பூச்சியே இல்லையே, மருந்தடித்தால் போதாதா?

போதாது. இது நம் விருப்பத்தைச் சார்ந்தது அல்ல. நாடுகளுக்கிடையே செல்லும் மரப் பெட்டிகளுக்கும் பலகைத் தட்டுகளுக்கும் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதி உண்டு. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்குவதும், குறிப்பிட்ட வாயுக்களால் புகைமூட்டம் இடுவதும் அதில் ஏற்கப்பட்டவை. மேற்பரப்பில் அடிக்கும் மருந்து அதில் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் வெப்பத்தையே தேர்ந்தெடுங்கள். அந்த வாயுக்களில் ஒன்றான மெத்தில் புரோமைடின் பயன்பாட்டையே சில நாடுகள் தடைசெய்திருக்கின்றன.

இந்த வாயுக்கள் சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லையா?

கேடுதான். மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1992-இல் மான்ட்ரியல் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. வளர்ந்த நாடுகள் 2005-க்குள்ளும் வளரும் நாடுகள் 2015-க்குள்ளும் அதைக் கைவிட வேண்டும் என்று முடிவாயிற்று. ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சைக்கும் தாவரத் தொற்றுத் தடுப்புக்கும் விலக்கு உண்டு. அதன் இடத்துக்கு வந்த சல்ஃபூரைல் ஃப்ளோரைடு ஓசோனைச் சிதைப்பதில்லை என்றாலும், எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைப்போல் நான்காயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்குவது. தேவையில்லாத வீட்டுக்குப் புகைமூட்டம் போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகைமூட்டம் போட்டு இரண்டு மாதமாகிறது. இன்னும் மணி மணியாக விழுகிறது. ஏமாந்துவிட்டோமா?

உடனே அப்படி முடிவுகட்ட வேண்டாம். உலர்மரக் கரையான் செத்தாலும் அதன் சுரங்கத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த எச்சம் அங்கேயே இருக்கிறது. கதவைச் சாத்தும் அதிர்வில் அது கொட்டும். இருப்பதைத் துடைத்துவிட்டு, கீழே வெள்ளைத் தாள் விரித்து, தேதி எழுதி, துளையை மெழுகாலோ மரத் துளை அடைக்கும் பசையாலோ அடைத்துவிடுங்கள். அடைத்த துளை மீண்டும் திறந்தாலோ, அருகே புதுத் துளை வந்தாலோ அது உயிருள்ள பூச்சியின் வேலை.

உளுக்கும் வண்டு விஷயத்தில் மட்டும் ஐயப்பட இடம் உண்டு. உலர்மரக் கரையானின் முட்டை சில தப்பினாலும், பொரித்த குஞ்சுகளைப் பேண வளர்ந்த கரையான் இல்லாததால் அவை தாமாகவே மடியும். வண்டின் புழுவுக்கு யார் உதவியும் வேண்டாம். அதனால் வண்டின் முட்டையையும் கொல்லும்படி வாயுவின் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டும். கரையானுக்கான அளவையே வண்டுக்கும் இட்டிருந்தால் தொல்லை திரும்புவது உறுதி. எந்த அளவில் இட்டார்கள் என்ற பதிவேட்டைக் கேளுங்கள்.

நிறுவனத்தார் புகைமூட்டம்தான் வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

எந்தப் பூச்சி என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். அதன் எச்சத்தையோ உடலையோ காட்டச் சொல்லுங்கள். எந்த வாயு, என்ன அளவு, எத்தனை மணி நேரம், செறிவை எந்தக் கருவியால் எத்தனை இடத்தில் அளப்பார்கள், வெளியேற்றியபின் எதைக் கொண்டு உறுதிசெய்வார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலான நாடுகளில் புகைமூட்டத்துக்குத் தனி உரிமம் வேண்டும். சாதாரண மருந்தடிக்கும் உரிமம் அதற்குச் செல்லாது. நன்றாகச் செய்பவர்கள் இந்தக் கேள்விகளால் மகிழ்வார்கள். 'அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், நீங்கள் கவலைப்படாதீர்கள்' என்ற பதில் வந்தால் வேறொருவரைப் பாருங்கள்.

மண் கரையானும் இருக்கிறது, உலர்மரக் கரையானும் இருக்கிறது. இரண்டு முறையும் செய்யலாமா, எது முதலில்?

செய்யலாம், சில வீடுகளுக்குச் செய்தே ஆக வேண்டும். நான் வழக்கமாகப் புகைமூட்டத்தை முன்னால் வைக்கச் சொல்கிறேன். தார்ப்பாய் கட்டுவதற்காகச் சுவரோரம் மிதித்துத் தோண்டும் வேலை முடிந்தபின் மண்ணுக்கு மருந்தூட்டினால், போட்ட மருந்து வளையம் குலையாமல் இருக்கும். மண்குழாய்களில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்து, புகைமூட்டத்துக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்; மண் கரையான் வேகமாகத் தின்னும், உலர்மரக் கரையான் சில மாதங்களில் பெரிதாக எதையும் செய்துவிடாது.

எந்தப் பூச்சி என்றே தெரியவில்லை. தெரியும்வரை எதையாவது அடித்துவைக்கலாமா?

அடிக்காதீர்கள். கண்டதை அடித்தால் பூச்சி இடம் மாறி ஒளிந்துகொள்ளும், பார்க்க வருபவருக்குத் தடயமும் மிஞ்சாது. தூளோ மணியோ விழுந்தால் ஒரு சிட்டிகையைச் சிறு புட்டியில் எடுத்து வையுங்கள். பூச்சி அகப்பட்டால் நசுக்காமல் ஒட்டுநாடாவில் ஒட்டித் தாளில் வையுங்கள். மண்குழாய் தெரிந்தால் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு, சில நாளில் மீண்டும் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். எந்த அறை, எந்த நாள் என்பதையும் குறித்து வையுங்கள். கரையானும் வண்டும் ஒரு வாரத்தில் வீட்டை விழுங்கிவிடாது. பூச்சியைச் சரியாக அடையாளம் காண அந்த ஒரு வாரம் போதும்.